வேலைக்குப் போகும் தாயும் டின் பாலும்



நம் வீடுகளில் தேநீருக்கு இனிப்பு டின் பால் வேண்டும். அது தேநீரோடு நிற்கட்டும். குழந்தையின் புட்டிக்குள் போக வேண்டாம்.

1939-இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். தாய்ப்பாலை நிறுத்தி டின் பாலைப் புகட்டியதால் பச்சிளங்குழந்தைகள் மடிவதைக் கண்டவர் அவர். தம் உரைக்கு அவர் வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. அந்த டின்னில் ஏறக்குறையப் பாதி சீனிதான். குழந்தை வளரத் தேவையான சத்து அதில் போதாது.

பெரும்பாலும் தாய் வேலைக்குத் திரும்பும் நாளில்தான் புட்டி நுழைகிறது. 2023 முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 98 நாள். குழந்தைக்கோ 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே உணவு. இடைப்பட்ட மூன்று மாதத்திற்கு என்ன செய்வது?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பாலைப் பீய்ச்சுங்கள். சுத்தமான மூடிய பாத்திரத்தில் ஐஸ் பெட்டியில் வைத்தால் 4 நாள் வரை கெடாது. பாட்டி அதை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிப் புகட்டலாம். அடுப்பில் கொதிக்க வைக்கக் கூடாது. வேலைக்குப் புறப்படுமுன்பும், வீடு திரும்பியதும் நீங்களே பால் கொடுங்கள்.

பால் போதுகிறதா? எடை சொல்லும். பிறந்த எடை சுமார் 5 மாதத்தில் இருமடங்காகும். ஒரு வயதில் மும்மடங்காகும். குருணிலோ தோட்டத்திலோ எங்கிருந்தாலும், கிளினிக் புத்தகத்தில் எடைக்கோடு ஏறாவிட்டால் உடனே தாதியிடம் காட்டுங்கள். கடைக்கு ஓடி டின் வாங்காதீர்கள்!