நெய்ப்பந்தம் பிடிக்கும் கைகளுக்கு நாவலைத் தர மறுப்பதா?

2011 ஜூன் மாதம் அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழில் மேகன் காக்ஸ் கர்டன் என்ற விமர்சகர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தாய் தன் மகளுக்குப் புத்தகம் வாங்கக் கடைக்குப் போகிறார். இளையோர் பிரிவில் எதைத் தொட்டாலும் ரத்தக் காட்டேரி, தற்கொலை, தன்னைத்தானே கீறிக்கொள்வது. வெறுங்கையோடு திரும்புகிறார். இந்தக் காட்சியில் தொடங்கும் கட்டுரையின் தீர்ப்பு இதுதான்: இளையோர் நாவல்கள் இருண்டுபோய்விட்டன, கொடுமையை இயல்பாக்குகின்றன, பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கின்றன. இரண்டே ஆண்டுகளில், 2013-இல், இங்கிலாந்தின் ‘டெய்லி மெயில்’ நோயையும் சாவையும் பேசும் இளையோர் நாவல்களை நோய்ப்பட்ட இலக்கியம் என்று முத்திரை குத்தியது.

இந்த வாதம் அங்கேயே நின்றிருந்தால் விட்டுவிடலாம். பள்ளி நூலகத்திலும் வீட்டு வரவேற்பறையிலும் இதே வாதம் வேறு வேறு குரலில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. “சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சாவுக் கதை?” என்று கேட்டுப் பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி வைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த எதிர்வினை.

வாதத்தில் நியாயமான பகுதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை என்ன படிக்கிறது என்று பார்ப்பது பெற்றோரின் கடமை. அதிர்ச்சியை மட்டுமே நம்பி எழுதப்பட்ட மட்டமான நாவல்கள் இருக்கின்றன. அவற்றைப் பெயர் சொல்லிக் கண்டித்தால் கைதட்டுவேன். கர்டனின் வாதம் அதோடு நிற்கவில்லை. சில பிழையான புத்தகங்களைக் காட்டி ஒரு துறை முழுவதையும் சந்தேகக் கூண்டில் ஏற்றுகிறது. ஒரு நாவலில் என்ன நடக்கிறது என்பதை வைத்தே அதன் தரத்தை முடிவு செய்கிறது. இலக்கியம் படிக்கத் தெரிந்த ஒருவர் செய்யக்கூடாத தவறு இது.

உங்கள் சிறுவயதில் இருந்ததைவிட இன்றைய நாவல்கள் இருண்டவை என்பது அவர் கட்சி. ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம். லூயிசா மே ஆல்காட் எழுதிய ‘லிட்டில் விமன்’ நாவலின் முதல் பாகம் 1868-இலும் இரண்டாம் பாகம் 1869-இலும் வந்தன. நான்கு சகோதரிகளில் மூன்றாமவள் பெத். கூச்சக்காரி, பியானோ என்றால் உயிர். பக்கத்து வீட்டுப் பெரியவர் லாரன்ஸ், இறந்துபோன தன் பேத்தியின் பியானோவை அவளுக்கு அனுப்பி வைக்கிறார். அந்தப் பெத்தும் இரண்டாம் பாகத்தில் இறந்துபோகிறாள். குடும்பம், இசை, பிள்ளைச் சாவு என்று எல்லாம் அதில் இருக்கின்றன. அதைத் தலைமுறை தலைமுறையாகப் பாட்டிகள்தாம் பேத்திகளுக்குப் பரிசளித்தார்கள்.

கேதரின் பேட்டர்சனின் ‘பிரிட்ஜ் டு டெரபித்தியா’ 1977-இல் வந்தது. ஜெஸ் என்ற சிறுவன் தன் இசை ஆசிரியையோடு ஓவியக் கூடம் பார்க்கப் போகிறான். தோழி லெஸ்லியை அவன் அழைத்துப் போகவில்லை. அன்றுதான் அவள் ஓடையில் விழுந்து இறக்கிறாள். அழைக்காமல் போன குற்ற உணர்வை அந்தச் சிறுவன் சுமக்கிறான். பேட்டர்சனின் சொந்த மகனுடைய தோழி மின்னல் தாக்கி இறந்த துயரத்திலிருந்து பிறந்த கதை அது. 1978-இல் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் அதற்குக் கிடைத்தது. ஆக, பழைய காலத்தில் வெளிச்சம் மட்டுமே இருந்தது என்பது கற்பனை. அந்தக் கற்பனையின் மீது கட்டிய வாதம் தொட்டவுடனே சரிகிறது.

என்ன நடக்கிறது என்று மட்டும் பார்க்கும் கர்டனின் அளவுகோலை இனி ஒரு நாவலின் மீது வைத்துப் பார்ப்போம். கேல் ஃபோர்மன் 2009-இல் வெளியிட்ட ‘இஃப் ஐ ஸ்டே’. ‘நான் இங்கேயே இருந்துவிட்டால்’ என்று பொருள் சொல்லலாம். கர்டனின் கணக்குப்படி இதைவிட மோசமான உதாரணம் கிடைக்காது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் லேசாகப் பனி பெய்ததற்குப் பள்ளிக்கு விடுமுறை விடுகிறார்கள். காரில் கிளம்புகிறது ஒரு குடும்பம். சில பக்கங்களுக்குள் விபத்து. அப்பாவும் அம்மாவும் அங்கேயே இறக்கிறார்கள். தம்பி டெடி பிறகு இறக்கிறான். பதினேழு வயது மியா கோமாவில் கிடக்கிறாள். தன் உடலுக்கு வெளியே நின்று, இருப்பதா போவதா என்று யோசிக்கிறாள். இதைப் பட்டியலாகச் சொன்னால் எந்தத் தாயும் பதறத்தான் செய்வார்.

பட்டியலை விட்டுவிட்டு நாவலைப் படியுங்கள். காலை 7.09 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை முடியும் கதை அது. அத்தியாயத் தலைப்பெல்லாம் கடிகார நேரம். விபத்து சில பக்கங்கள்தாம். மீதியில் பெரும்பகுதி ஒரு வீடு. அந்த வீட்டை ஃபோர்மன் எவ்வளவு ஆசையோடு கட்டியிருக்கிறார் என்பதை, சாவுகளை மட்டும் எண்ணுகிறவர்கள் பார்க்கவே மாட்டார்கள்.

மியாவின் அப்பா பங்க் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். டெடி பிறந்த சமயத்தில்தான் கார் ஓட்டவே கற்றுக்கொள்கிறார். பிறகு பள்ளி ஆசிரியர் ஆகிறார். ராக் இசை முழங்கும் அந்த வீட்டில் மியா மட்டும் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கருவியான செல்லோவைத் தேர்ந்தெடுக்கிறாள். தான் இந்தக் குடும்பத்துக்குத் தப்பிப் பிறந்தவளோ என்ற சந்தேகம் அவளுக்கு உண்டு. சிறுமியாக அவள் முதன்முதலாக மேடை ஏறப்போகும் நாளில் கைகால் நடுங்குகிறது. அப்பா மேடைக்குப் பின்னால் வந்து நிற்கிறார். தனக்கும் அந்த நடுக்கம் இருந்தது என்கிறார். அது போகவே போகாது, அதோடுதான் வாசிக்க வேண்டும் என்று உள்ளதைச் சொல்கிறார். அவள் வாசித்து முடிக்கிறாள். வெளியே அவளுக்காகக் காத்திருப்பது பூங்கொத்து இல்லை. ஒரு செல்லோ. அதுவரை வாசித்தது வாடகைச் செல்லோ. இனி இது அவளுடையது.

இந்த ஒரு காட்சியில் நாவலின் உயிர் இருக்கிறது. தனக்குப் பழக்கமில்லாத இசையைத் தன் மகள் தேர்ந்தெடுத்ததற்கு அந்த அப்பா தந்த மரியாதை அந்தச் செல்லோ. விபத்து நடந்த இடத்தில், நசுங்கிய காருக்குள் ரேடியோ இன்னும் பேத்தோவனின் செல்லோ சொனாட்டாவை ஒலித்துக்கொண்டிருக்கிறது. வாசகருக்கு அங்கே நெஞ்சு அடைப்பது ரத்தத்தைப் பார்த்து அல்ல. அந்த வீட்டில் செல்லோ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது நாவல் நகர நகர நமக்குத் தெரிய வருகிறது. இழப்பு எவ்வளவு பெரியது என்று ஒரு பிள்ளைக்குப் புரிய வேண்டுமென்றால், இழந்தது என்ன என்று முதலில் காட்ட வேண்டும். ஃபோர்மன் செய்தது அதைத்தான். இதற்குப் பெயர் இருட்டா?

டெடியின் சாவைப் பாருங்கள். அதிர்ச்சி வியாபாரி ஒருவர் எழுதியிருந்தால் அந்தச் சிறுவனின் கட்டிலருகே நம்மை நிறுத்திக் கதறவிட்டிருப்பார். ஃபோர்மன் அங்கே போகவே இல்லை. டெடி வேறொரு மருத்துவமனையில் இருக்கிறான். குடும்பத் தோழி வில்லோ அங்கே செவிலியர்; அவனோடு இருக்கிறாள். திடீரென்று வில்லோ மியா இருக்கும் மருத்துவமனைக்கு வந்து நிற்கிறாள். டெடியை விட்டுவிட்டு அவள் ஏன் இங்கே வர வேண்டும் என்று மியா யோசிக்கிறாள். அவ்வளவுதான். அவளுக்குப் புரிந்துவிடுகிறது, நமக்கும் புரிந்துவிடுகிறது. ஒரு சாவை இதைவிடக் கண்ணியமாக எப்படிச் சொல்வது? கொடுமையைப் பரப்புகிறார்கள் என்று பழிபோடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வரட்டும்.

இன்னொரு குற்றச்சாட்டு இருக்கிறது. அதுதான் கனமானது. வாழ்வதும் சாவதும் உன் விருப்பம் என்று பதினேழு வயதுப் பெண்ணிடம் சொல்லலாமா? தாத்தா பாட்டியிடம் ரமிரெஸ் என்ற செவிலியர், முடிவு இந்தப் பெண்ணின் கையில்தான் இருக்கிறது என்கிறார். மியா அதைக் கேட்டுவிடுகிறாள். மகனையும் மருமகளையும் பேரனையும் ஒரே நாளில் இழந்த தாத்தா, போக வேண்டுமென்றால் போ அம்மா, பரவாயில்லை என்று அவள் படுக்கையருகே அழுகிறார். இது ஆபத்தான செய்தி இல்லையா என்று கேட்கிறார்கள்.

இல்லை. தாத்தா அவளைச் சாகச் சொல்லவில்லை. நீ பிழைத்தே தீர வேண்டும் என்ற தன் ஆசையை அவள் தலையில் ஏற்ற மறுக்கிறார். துயரத்தில் இருப்பவருக்கு நாம் தரக்கூடிய மிகப் பெரிய அன்பு அது. அவரைப்போலவே மற்றவர்களும் வந்து பேசுகிறார்கள். தோழி கிம், காத்திருப்போர் அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லி, உனக்கு இன்னும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று நினைவூட்டுகிறாள். இருக்கச் சொல்லும் குரலும் போக விடும் குரலும் ஒரே அன்பிலிருந்து வருகின்றன. இருந்தால் என்ன வலி காத்திருக்கிறது என்பதையும் நாவல் ஒளிக்கவில்லை. அப்பா இல்லாத, அம்மா இல்லாத, டெடி இல்லாத ஒரு காலையில் அவள் கண் விழிக்க வேண்டும். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி வாழச் சொல்வது எளிது. சரியாகாது என்று தெரிந்தும் வாழத் துணிவதைக் காட்டுவது கடினம். அந்தக் கடினமான வேலையை இந்த நாவல் செய்கிறது.

அந்த முடிவுக்கு மியா தயாராவது விபத்துக்கு முன்பே. நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளிக்கு அவள் ஆடிஷன் கொடுத்திருக்கிறாள். இடம் கிடைத்தால் காதலன் ஆடம் ஒரு கரையில், அவள் மறு கரையில். அம்மாவிடம் அந்தக் குழப்பத்தைச் சொல்லும்போது, எதை எடுத்தாலும் ஒன்று கிடைக்கும், ஒன்று போகும் என்ற உண்மையை அம்மா மறைப்பதில்லை. சின்ன முடிவுக்கும் விலை உண்டு என்று அந்த வீடு அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அதனால்தான் பெரிய முடிவின் முன் அவளால் நிற்க முடிகிறது.

கடைசியில் ஆடம் அவள் காதில் ஹெட்போன் மாட்டி யோ-யோ மாவின் செல்லோ இசையைக் கேட்க வைக்கிறான். காதல் காப்பாற்றிவிட்டது என்று இதைச் சுருக்குகிறவர்கள் அவசர வாசகர்கள். இசை வந்ததும் முதலில் வருவது வலி. உடலின் வலியும் நினைவின் வலியும் சேர்ந்தே வருகின்றன. அந்த வலியை ஏற்றுக்கொண்டுதான் அவள் திரும்புகிறாள். மேடை நடுக்கம் போகாது, அதோடுதான் வாசிக்க வேண்டும் என்று அப்பா சொன்னது அங்கே நிறைவேறுகிறது.

2014-இல் ரூத் கிரஹாம் என்ற இன்னொரு விமர்சகர் ‘ஸ்லேட்’ இதழில் நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து அடித்தார். இளையோர் நாவல்களின் முடிவுகள் வாசகரைத் திருப்திப்படுத்தவே எழுதப்படுகின்றன, வளர்ந்தவர்கள் அவற்றைப் படிக்க வெட்கப்பட வேண்டும் என்றார். ஒருவருக்கு அளவு மீறிய இருட்டு, இன்னொருவருக்கு அளவு மீறிய இனிப்பு. ஃபோர்மனின் அடுத்த நாவலான ‘வேர் ஷி வென்ட்’ (2011) கிரஹாமுக்கு முன்கூட்டியே வந்துவிட்ட பதில். நீ இருந்தால் போதும், வேண்டுமென்றால் உன்னை விட்டு விலகிவிடுகிறேன் என்று மருத்துவமனையில் ஆடம் வாக்குக் கொடுத்திருந்தான். அவள் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு விலகிவிட்டாள். மூன்று ஆண்டுகள் கழித்துப் புகழின் உச்சியில் நொறுங்கிக் கிடக்கும் ஆடம் அந்தக் கதையைச் சொல்கிறான். உயிர் பிழைத்ததற்கும் விலை கேட்ட எழுத்தாளரை இனிப்பு விற்றவர் என்று யார் சொல்ல முடியும்?

ஃபோர்மன் தன் நண்பர் குடும்பம் ஒன்றை விபத்தில் இழந்தவர். அந்தத் துயரத்திலிருந்தே இந்த நாவல் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அது வெளிவந்த காலத்தில் அமெரிக்கப் பதின்பருவத்தினரின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்து. ஒவ்வொரு பள்ளியிலும் காலியான ஒரு நாற்காலியைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அவர்களிடமிருந்து அந்தக் கதையைப் பறிப்பதால் விபத்து குறையாது. துயரம் வரும்போது பேச ஒரு மொழி இல்லாமல் அவர்கள் தனியாக நிற்பார்கள். அந்தத் தனிமைக்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவது கொடுமை.

நம் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தாத்தா இறந்தால் பேரப்பிள்ளைகளின் கையில் நெய்ப்பந்தம் கொடுத்துச் சுற்றிவரச் செய்கிறோம். நடக்கத் தெரியாத குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்து, அதன் கையைப் பிடித்தாவது பந்தத்தைப் பிடிக்க வைக்கிறோம். சாவைப் பிள்ளைகளுக்கு மறைக்கக்கூடாது என்று நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையைத் தனியாகவும் விடவில்லை. பக்கத்தில் பெரியவர் ஒருவர் நின்றார். புத்தகத்துக்கும் அதே முறைதான் சரி. உங்கள் மகள் சாவைப் பற்றிய நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். அவள் முடித்ததும் வாங்கி நீங்களும் படியுங்கள். பிறகு அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.