ஏரி நிரம்பினால் மழை வருமா? பாகூர், ஊசுடு ஏரிகளை ஏன் காக்க வேண்டும்?

‘ஏரி நிறைஞ்சா ஊர் குளிரும், மழையும் வரும்.’ தவளக்குப்பம் பக்கம் கோடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாவது பாதி?

மழை தரும் ஏரிகள்

உலகில் அப்படிப்பட்ட ஏரிகள் உண்டு. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி 68,000 சதுர கி.மீ. பரப்புள்ளது. இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடும். ஏரி நீரின் சூடு அப்படியே நிற்கும். சுற்றிலும் இருந்து வரும் நிலக்காற்று ஏரியின் மேல் கூடி, ஈரத்தோடு மேலே எழும்பும். விளைவு, இரவெல்லாம் இடி, மழை. அமெரிக்காவின் ஈரி ஏரியோ பனியைக் கொட்டும். 2022 நவம்பரில் பஃபலோ நகரை ஒட்டிய பகுதிகளில் சுமார் 2 மீட்டர் பனி குவிந்தது.

நம்ம ஏரிகள்?

புதுச்சேரியின் பெரிய ஏரியான ஊசுடு, தமிழ்நாட்டுப் பகுதியையும் சேர்த்தே சுமார் 8 சதுர கி.மீ.தான். விக்டோரியாவில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு! அடுத்த பெரிய ஏரியான பாகூரும் மேகத்தைக் கூட்டாது. நமக்கு மழை தருவது வங்கக்கடல். 2024 நவம்பர் 30-ல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்போ ஏரி எதுக்கு?

முதலில் குளிர்ச்சி. கோடையில் ஏரியிலிருந்து தினமும் 5 மி.மீ. நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு 50,000 லிட்டர். அது இழுத்துக்கொள்ளும் வெப்பம், 250-க்கும் மேற்பட்ட 1.5 டன் ஏசிகள் 24 மணி நேரமும் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். ஆனால் இந்தக் குளிர்ச்சி கரையை ஒட்டிய பகுதிக்கே. ஊசுடு ஏரிக் காற்று தவளக்குப்பம் வரை வராது. அதனால்தான் பக்கத்தில் இருக்கும் சின்னக் குளமும் முக்கியம்.

அதைவிடப் பெரிய வேலை, பெய்த மழையைப் பிடித்து வைப்பது. நம் மழை ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதைத் தேக்கி நிலத்தடிக்கு அனுப்புவது ஏரி. கடலோரத்தில் நிலத்தடி நீர் இறங்கினால் அந்த இடத்துக்கு உப்புநீர் ஏறும். போர்வெல் தண்ணீர் கரித்துப் போனால், திரும்ப நன்னீராக்குவது லேசான காரியம் இல்லை.

தென்பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் போன்றவை அடைபட்டால், மழைக்காலத்தில் ஊருக்குள் தண்ணீர், கோடையில் ஏரி வறட்சி. இரண்டு பக்கமும் நஷ்டம் நமக்கே.

ஆகவே ‘மழை வரும்’ என்று சொல்லி ஏரியைக் காக்கத் தேவையில்லை. வந்த மழை நம்மிடம் தங்கும் என்பதே போதுமான காரணம். தவளக்குப்பம், பாகூர் பக்கம் மனை வாங்கப் போகிறீர்களா? விலை கேட்பதற்கு முன், அங்கே வாய்க்கால் எதுவும் ஓடியதா என்று ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.