பாதிக் குளிசை

"சின்னப் பிள்ளைதானே, பாதி போதும்."

கடந்த வருடம் ஓர் இரவு, மூன்று வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தபோது உம்மும்மா சொன்னது இது. ரத்தோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து அந்நேரம் பாமசிக்கு இறங்கிப் போக வாகனமில்லை. உம்மா பெரியவர்களின் பனடோல் குளிசையொன்றைப் பாதியாக உடைத்துக் கரைத்துக் கொடுத்தார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு கணக்குப் பார்த்தேன். தம்பியின் நிறை 12 கிலோ. பரசிற்றமோல் ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. அதன்படி அவனுக்கு 180 மில்லிகிராம். பாதிக் குளிசையிலோ 250. குறைத்துக் கொடுத்தோம் என்று நினைத்தோம், கூட்டியே கொடுத்திருக்கிறோம். இதையே நேர இடைவெளி பாராமல் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஈரல் பழுதடையலாம்.

குழந்தை என்பது சுருக்கப்பட்ட பெரியவர் அல்ல. பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 75 சதவீதம் நீர். வளர்ந்தவரிடம் சுமார் 60. நிறையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பும் அதிகம், அனுசேபமும் வேகம். அதனால்தான் வயிற்றோட்டம் வந்தால் பிள்ளை சீக்கிரம் துவண்டுவிடுகிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் குளோரம்பெனிகோல் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்தன. அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் அவற்றின் ஈரலுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

நான் தாய்மாரைக் குறை கூறவில்லை. நடு இரவில் பிள்ளை அனுங்கும்போது கையில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள். ஆனால் முன்கூட்டியே செய்யக்கூடியவை உண்டு. பிள்ளையின் நிறையை கிளினிக் பதிவேட்டில் பார்த்து வைத்திருங்கள். பாணி மருந்தை வீட்டுக் கரண்டியால் அல்ல, அதனோடு வரும் அளவுக் கோப்பையால் கொடுங்கள். பரசிற்றமோலுக்கு ஆறு மணித்தியால இடைவெளி விடுங்கள். 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானதை மறக்க வேண்டாம். டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும் அஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவற்றைக் காய்ச்சலுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

சகோதரிகளே, ஈரலையும் சிறுநீரகத்தையும் நாம் இசட் புள்ளிக்காக மட்டும் படித்தால் அன்றிரவு நான் நின்றதுபோல் பார்த்துக்கொண்டுதான் நிற்போம். பிள்ளைகள் அல்லாஹ் தந்த அமானிதம். படித்ததை வீட்டில் சொல்வதும் அந்த அமானிதத்தைப் பேணுவதுதான்.

இப்போது எங்கள் மருந்து அலுமாரிக் கதவில் தம்பியின் நிறை எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. மாதாமாதம் அதைத் திருத்தச் சொல்லி ஞாபகப்படுத்துபவர் உம்மும்மா.