விழிப்புணர்வு இல்லாதது யாருக்கு?

"தோட்டத்துச் சனத்துக்கு விழிப்புணர்வு காணாது." மலையகச் சுகாதாரம் பற்றிப் பேசுற எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்த வசனம் வந்துவிடும். பேசி முடித்து, பிளேன்ட்டீ குடித்து, பெனரையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

என் பெரியப்பாவுக்கு மலத்தோடு இரத்தம் போனது. "மூலம்தான், உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். ஒரு வருசமாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது பெருங்குடல் புற்றுநோய் ஈரல் வரைக்கும் போயிருந்தது.

அறியாமையா? ஒரு நாள் டவுனுக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. பஸ் காசு வேறு. குடலுக்குள் கெமரா விட்டுப் பார்ப்பதென்றால், முதல் நாளே மருந்து குடித்து வயிற்றைச் சுத்தமாகக் கழுவவேண்டும். லயத்தில் நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்றால், இரவு முழுக்க எங்கே ஓடுவது? இதை எந்தத் துண்டுப்பிரசுரமும் சொல்வதில்லை.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குடலில் ஒரு சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பத்து வருசம் மட்டில் எடுக்கும். அதற்குள் கண்டுபிடித்து வெட்டி எடுத்தால் பெரும்பாலும் நோய் வராமல் தடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு சிறு குச்சியில் எடுக்கும் மலம் போதும். வீட்டிலேயே எடுக்கலாம், பட்டினி கிடக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயதானவர்களுக்கு இரண்டு வருசத்துக்கு ஒருமுறை இது தபாலில் வீட்டுக்கே போகிறது. அமெரிக்காவில் 2021 இலிருந்து 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

இலங்கையில் 35 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாசல் புற்றுநோய்க்கான கிளினிக் இருக்கிறது. பிரஷர், சீனி பார்க்கவும் இலவச நிலையங்கள் இருக்கின்றன. பெருங்குடலுக்கு மட்டும் நாடு தழுவிய திட்டம் எதுவும் இல்லை. இத்தனைக்கும் ஆண், பெண் இருவரிலும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று.

தபாலில் அனுப்பச் சொல்லவில்லை. லயத்துக்குச் சொந்த விலாசமே கிடையாது, கடிதம் தோட்ட ஒபிசுக்குத்தான் வரும். வீடு வீடாக வரும் மிட்வைஃப் கையில் கொடுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் திருப்பி வாங்குங்கள். இரத்தம் இருக்கென்று முடிவு வந்தவருக்குக் கெமராப் பரிசோதனைக்குத் திகதி, ஆஸ்பத்திரியில் ஒரு இரவு கட்டில், இழந்த நாளுக்குச் சம்பளம் மூன்றையும் உறுதிப்படுத்துங்கள். அது இல்லாமல் குச்சியை மட்டும் நீட்டினால் அதுவும் ஏமாற்றுத்தான்.

வாசிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு ஒன்று. இந்த வாரம் வீட்டுக்குப் போனால் அம்மா அப்பாவிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: "மலத்தோட ரத்தம் போகுதா?" ஆமென்றால் பரிசோதனைத் திட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள், டொக்டரிடம் கூட்டிப் போங்கள். நான் பெரியப்பாவிடம் கேட்கவே இல்லை.