ஒரு மணி நேரமாம் பெங்களூருக்கு!

சென்னையிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆகாய வழியில் சுமார் 270 கிலோமீட்டர். கணக்கில் தப்பில்லை. ஆனால் காஞ்சிபுரத்தில் இருக்கிற எங்களுக்கு இந்தக் கணக்கு எதற்கு உதவும்?

பெங்களூரு எங்களுக்கு மேற்கே இருக்கிறது. விமானம் ஏற வேண்டுமானால் கிழக்கே 65 கிலோமீட்டர் போக வேண்டும். வாலாஜாபாத் வரை வண்டி ஓடும். ஒரகடம் வந்தால் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்வலம். அப்புறம் படப்பை, வண்டலூர், தாம்பரம். இதிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து நில்லுங்கள் என்கிறார்கள். ஒருவழியாக மேலே ஏறினால், விமானம் எங்கள் ஊர் இருக்கிற மேற்குத் திசையிலேயே திரும்பிப் பறக்கிறது! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

இறங்குகிற இடமும் ஊருக்குள் இல்லை. 2008-ல் பயணிகள் விமானங்களை ஹெச்.ஏ.எல். நிலையத்திலிருந்து தேவனஹள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து, நாங்கள் புடவை கொண்டுபோகும் சிக்பேட்டை போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆக மொத்தம் ஆறரை மணி நேரம். விடியற்காலையில் காரை எடுத்தால் வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். வசதியான ரயில் வேண்டுமென்றால் அரக்கோணமோ காட்பாடியோ போய்த்தான் ஏற வேண்டும்.

முகூர்த்த மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். ஜரிகை வைத்த கல்யாணப் புடவை ஒவ்வொன்றும் கனம். மடிப்பு கலையக் கூடாது, ஜரிகையில் ஈரம் படக் கூடாது. அந்தப் புடவைப் பெட்டியோடு தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், பிறகு விமான நிலையத்துக்குச் சுரங்கப்பாதைப் படிகள். எங்களூரிலிருந்தே கிளம்பும் மின்சார ரயில் இருக்கிறது. ஆனால் அது செங்கல்பட்டைச் சுற்றிக்கொண்டு வரும். அதுவும் நாளைக்குச் சில வண்டிகள்தான்.

"பரந்தூரில் ஏர்போர்ட் வந்துவிட்டால் உங்களுக்குக் கவலையே இல்லையே" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அதைக் கேட்டாலே வயிறு எரிகிறது. 2022-ல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து, அங்கே நிலம் பறிபோகும் ஏகனாபுரத்து ஜனங்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டுமாம். அதில் விளைகிற வயலும் உண்டு, ஏரியும் உண்டு. எனக்கு இரண்டு மணி நேரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக அவர்கள் ஊரையே விட்டுப் போக வேண்டுமா? அப்படி ஒரு சௌகரியம் எனக்கு வேண்டாம்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். காஞ்சிபுரம் பஸ் நிலையத்திலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கு, பெட்டி வைக்க இடமுள்ள ஒரு பஸ், எங்கும் இறக்கி ஏற்றாமல் நேராக மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போகட்டும். காலையிலும் மாலையிலும் கூடுதலாக ஒரு மின்சார ரயில் விடட்டும். இதற்கு யாருடைய நிலமும் வேண்டியதில்லையே!