சுவருக்குச் சரி, பல்லுக்கு?

திருப்பதி அருகே சந்திரகிரிக் கோட்டையின் ராஜமஹாலை மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்புக் காரையால் எழுப்பினார்கள். அந்தக் காரை தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். பல் அடைப்புக்கும் சுண்ணாம்பே போதும், விரிசலைத் தானே மூடும் அடைப்புக்குப் புது ஆராய்ச்சி எதற்கு என்கிறார் நண்பர்.

முதல் பாதி சரி. மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு விரிசலுக்குள் கால்சியம் கார்பனேட்டாக உறையும். ஆனால் வாய் கோட்டைச் சுவரல்ல. திருப்பதி லட்டு ஒரு விள்ளல் போதும், சில நிமிடங்களில் பாக்டீரியா அமிலம் சுரக்கும். பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலே கரைகிறது, கார்பனேட் எம்மாத்திரம்?

பல் மருத்துவம் சுண்ணாம்பை ஒதுக்கவும் இல்லை. கிருமியைக் கொல்லும் கடுங்காரம் என்பதால் நீற்றிய சுண்ணாம்பான கால்சியம் ஹைட்ராக்சைடைப் பல்கூழின் மேல் வைக்கிறார்கள். ஆனால் அது மெல்லுவதைத் தாங்காது, கரையும். மேலே வேறு அடைப்பு வேண்டும்.

ஆய்வகத்தில் நடப்பது வேறு. பல் அடைப்புப் பிசினில் பொதிந்த, திரவம் நிரம்பிய நுண்குமிழ்கள் விரிசலில் உடைந்து, கசியும் திரவம் இறுகும். இலினாய் பல்கலைக்கழகத்தார் 2001-இல் பாலிமரில் காட்டிய உத்தி. கூடவே அம்மோனியச் சேர்மங்கள் கிருமியின் சவ்வைக் குலைக்கும். ஒரு குமிழ் ஒருமுறைதான் உடையும். நண்பர் அதைச் சொல்லிக் குறைப்பட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.