சமையற்கட்டில் ஒரு துறவி

வெளியூரில் பிழைக்கும் நம் கிறிஸ்தவக் குடும்பத்தினர் பலருக்கு ஞாயிறன்றும் வேலை. தமிழ் ஆராதனை நடக்கும் ஆலயமோ தொலைவில். ஆண்டவரை விட்டே அகன்றுவிட்டோமோ என்று அவர்கள் ஏங்குவதை நாம் அறிவோம்.

1691-இல் பாரீஸ் நகரின் கர்மேல் சபை மடமொன்றில் மறைந்தவர் சகோதரர் லாரன்ஸ். போரிலே காலில் காயமுற்று ஊனமடைந்த முன்னாள் படைவீரர். மடத்தில் அவருக்கு வாய்த்ததோ, அவர் இயல்பாகவே வெறுத்த சமையல் வேலை! ஏறக்குறைய 15 ஆண்டுகள் அதைச் செய்தார். பலரும் ஒரே சமயத்தில் பலவற்றைக் கேட்டுக் கூவும் அவ்விடத்திலேயே ஆண்டவரோடு பேசப் பழகினார். சட்டியில் ஆம்லெட்டைப் புரட்டுவதையும் அவர்மீதுள்ள அன்பினாற் செய்தார். ஜெப வேளை வேறு, வேலை வேளை வேறு என்ற பிரிவு அவருக்கு இல்லாது போயிற்று.

இஃது எளிதில் வந்ததன்று. பிரசங்கிமார் இப்பகுதியைச் சற்று விரைவாகவே கடந்துவிடுகின்றனர். தாம் கைவிடப்பட்டவர் என்ற எண்ணம் அவரைப் பல ஆண்டுகள் வாட்டியது. தவறியபோதெல்லாம் நெடுநேரம் தம்மை நொந்துகொள்ளாமல், அதை ஆண்டவரிடமே சொல்லிவிட்டு மீண்டும் வேலையைத் தொடர்ந்தார்.

பின்னர்க் கால்நோவு மிகவே, சமையலை விட்டு மடத்தாரின் செருப்புகளைத் தைக்க அமர்ந்தார். அங்கும் அதே பேச்சுத்தான்.